மலையகத்தில் மழை மாறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்துபோன பிறகு இலங்கையின் மலையகத்தில் வானம் இருட்டினாலே வயிறு கலங்குகிறது. "இனி ஒவ்வொரு வருஷமும் இப்படித்தானா?" என்று கேட்காத வீடு இல்லை. பள்ளிப் பிள்ளைகள், மலையில் கொழுந்து எடுப்பவர்கள், மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து, பதிலும் எழுதியிருக்கிறேன்.

மலையகத்துக்கு மழை எங்கிருந்து வருகிறது?

வளிமண்டலவியல் திணைக்களம் வருடத்தை நாலு மழைக்காலமாகப் பிரிக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. மார்ச், ஏப்ரலில் பின்னேரமானால் இடி மின்னலோடு கொட்டுவது முதலாவது இடைப்பருவம்.

தென்மேற்குக் காற்று கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மலையில் மோதி மேலே ஏறும். ஏற ஏறக் குளிரும். குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, அது மழையாக இறங்கிவிடும். கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கம் வருடத்துக்கு 5,000 மி.மீ. வரையும் அதற்கு மேலும் பெய்வது இதனால்தான். மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போது அதே காற்று காய்ந்து சூடாகிவிடுகிறது. ஹட்டனில் மழைக்குக் கட்டும் படங்கைக் கழற்ற நேரமில்லாத அதே ஜூலையில் வெலிமடையில் புழுதி பறக்கும். இன்னும் கீழே இறங்கி மட்டக்களப்புக்குப் போகும்போது அதற்குப் பெயர் கச்சான் காற்று.

வடகிழக்குக் காலத்தில் இது தலைகீழாகும். பதுளை, பசறை, மடுல்சீமை நனையும், மேற்குச் சரிவு காயும். சிவனொளிபாதமலைக்கு டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை ஆட்கள் ஏறுவதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

ஆகவே "மலையகத்தில் மழை எப்படி மாறும்?" என்று யாராவது கேட்டால், மலையின் எந்தப் பக்கம், எந்த மாதம் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

சூடு கூடினால் மழை குறையத்தானே வேண்டும்? எப்படிக் கூடும்?

காற்று 1 பாகை செல்சியஸ் சூடானால் அதனால் ஏறக்குறைய 7 சதவீதம் அதிக நீராவியைப் பிடித்து வைத்திருக்க முடியும். உலகத்தின் சராசரி வெப்பம் 1850 – 1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011 – 2020இல் சுமார் 1.1 பாகை கூடியிருந்தது. நமக்கு மழை கொண்டுவரும் இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பும் 1950களுக்குப் பிறகு ஏறக்குறைய 1 பாகை சூடாகியிருக்கிறது. சூடான கடலில் இருந்து அதிக நீராவி எழும்பும். சூடான காற்று அதை அதிகமாகச் சுமக்கும். மேகம் கூடிப் பெய்யத் தொடங்கினால் இறங்கும் தண்ணீரும் அதிகம்.

ஆனால் அதே சூடு மண்ணில் இருக்கும் ஈரத்தையும் வேகமாக உறிஞ்சும். மழை இல்லாத நாட்களில் ஊற்றும் செடியும் முன்னைவிடச் சீக்கிரம் காயும். வெள்ளமும் வரட்சியும் ஒரே காரணத்தால் கூடுவது இப்படித்தான்.

சரி, பருவமழை கூடுமா, குறையுமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

கூடும். ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையேயான குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையும், இந்த நூற்றாண்டில் தெற்காசியப் பருவமழை கூடும் என்றே சொல்கிறது.

அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டால் ஏமாந்துவிடுவோம். கடந்த நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தெற்காசியப் பருவமழை கூடவில்லை, பலவீனமடைந்தது. வாகனம், தொழிற்சாலை, அடுப்பு எல்லாவற்றில் இருந்தும் கிளம்பிய புகையும் தூசும் வெயிலை மறைத்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். நிலம் சூடானால்தான் கடல்காற்று உள்ளே இழுபடும். நிலத்துக்கு வெயில் குறைந்தால் அந்த இழுவையும் குறையும். இலங்கையிலும் 1961 – 1990 காலத்தின் சராசரி மழை அதற்கு முந்திய 30 வருடங்களைவிடச் சுமார் 7 சதவீதம் குறைவாக இருந்தது. "அந்தக் காலத்து மழை இப்ப இல்ல" என்று நம் பாட்டிமார் சொல்வதை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிடக் கூடாது.

புகையின் தடை குறையக் குறைய, சூட்டின் பங்கு மேலோங்கும் என்பதுதான் மழை கூடும் என்று சொல்வதன் அடிப்படை.

வருடத்துக்கு எத்தனை அங்குலம் என்று பார்த்தால் போதாதா?

போதாது. மலையகத்தில் வாழ்கிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்ல நினைப்பது இதைத்தான்.

ஒரு மாதத்தில் 12 அங்குல மழை என்று வையுங்கள். அது 24 நாள் அரை அரை அங்குலமாகத் தூறினால் மண் குடிக்கும், ஊற்று நிறையும், கொழுந்து தளிர்க்கும், வேலையும் நடக்கும். அதே 12 அங்குலம் மூன்று நாளில் நாலு நாலாகக் கொட்டினால் மேல்மண் வடிகால் கானோடு போகும், பாதை அறுபடும், சரிவு இளகும். மிச்ச 27 நாளும் வெயில். மாத முடிவில் மழைக் கணக்கு எழுதும் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே எண்தான். அந்த எண்ணைப் பார்த்து "மழை வழக்கம்போலத்தான்" என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிறவருக்கு அந்த மாதம் நடந்தது வேறு.

நாலு அங்குலம் என்பது எவ்வளவு தண்ணீர் என்றும் யோசித்துப் பாருங்கள். ஒரு ஏக்கர் மலையில் நாலு அங்குல மழை பெய்தால் நாலு இலட்சம் லீட்டர், அதாவது 400 தொன் எடை. ஒரு ஏக்கருக்கு மட்டும் இவ்வளவு.

2016ஆம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் ரோணு புயலோடு வந்த மழையில் அரநாயக்க சாமசர மலை சரிந்து வீடுகளை மூடியது. அதே வருட முடிவில் நாடு கடும் வரட்சிக்குள் போனது, அது 2017 வரை நீண்டது. வருடச் சராசரி இந்த இரண்டு துயரத்தையும் ஒன்றோடொன்று கழித்துவிடும். பட்டவர்களுக்கு எதுவும் கழியவில்லை.

இன்னும் சூடானால் இந்தப் போக்கு வலுக்கும். ஒரே நாளில் கொட்டும் பெருமழை, வெப்பம் 1 பாகை கூடினால் உலக அளவில் ஏறக்குறைய 7 சதவீதம் கனக்கும் என்று மேலே சொன்ன அதே அறிக்கை கூறுகிறது.

எல் நீனோ வந்தால் நமக்கு மழையா, வெயிலா?

மாதத்தைப் பொறுத்தது. பசுபிக் சமுத்திரத்தின் நடுப்பகுதியும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நீனோ. அப்படிப்பட்ட வருடத்தில் இலங்கைக்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடும் வாய்ப்பு அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரையும், ஜூலை, ஓகஸ்டிலும் குறையும் வாய்ப்பு அதிகம். இந்து சமுத்திரத்துக்குள்ளேயே மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் மாறி மாறிச் சூடாவதும் உண்டு. 2019இல் மேற்குப் பக்கம் மிகவும் சூடாக இருந்தது, அந்த வருட இறுதியில் நமக்கு நல்ல மழை.

இவை உலகம் சூடாவதற்கு முன்பும் இருந்தவைதான். இப்போது அதே ஆட்டம் சூடான கடலின் மேல் நடக்கிறது.

காட்டை அழித்ததால்தான் மழை குறைந்தது என்கிறார்களே?

பருவமழையின் ஈரம் சமுத்திரத்தில் இருந்து வருகிறது. நாலு மலையில் மரம் வெட்டியதால் பருவக்காற்று நின்றுவிடாது. காடு செய்யும் வேலை, விழுந்த மழையைப் பிடித்து வைப்பது. ஹோட்டன் சமவெளிப் பக்கத்து முகில் காடுகளில் மழை இல்லாத நாளிலும் மூடுபனி இலையிலும் பாசியிலும் தங்கிச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கும். மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் தண்ணீர் கொடுக்கும் உச்சிகள் அவை. அந்தக் காடு போனால் அதே மழை பெய்தாலும் பீலியில் தண்ணீர் வராது. "மழை குறைந்துவிட்டது" என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு, ஊற்று குறைந்துவிட்டது என்பதுதான்.

மேக வெடிப்பு என்று செய்திகளில் சொல்கிறார்களே, அதுவா இது?

இல்லை. குறுகிய இடத்தில், ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. அளவுக்குக் கொட்டினால்தான் அந்தப் பெயர். நம் மலைகளில் சேதம் செய்வது பெரும்பாலும் நாட்கணக்காக விடாமல் பெய்யும் மழையும் அதன் முடிவில் வரும் ஒரு பெருங்கொட்டலும்தான்.

குளிர் குறைந்துவிட்டது என்பது உண்மையா?

உண்மை. 1961 – 1990 காலத்தில் இலங்கையின் சராசரி வெப்பம் வருடத்துக்கு 0.016 பாகை வீதம் கூடியது. கேட்கச் சின்னதாக இருக்கும், 30 வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் அரைப் பாகை. நுவரெலியாவில் தைமாசி விடியலில் உறைபனி இப்போதும் விழுகிறது. அதைப் படம் எடுத்துப் போட்டு "எங்கே சூடாகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. முகிலற்ற ஓர் இரவின் குளிரும் பல பத்தாண்டுகளின் சராசரியும் வேறு வேறு.

தேயிலைக்கு என்ன ஆகும்?

சூடு மட்டும் என்றால் உயரமான மலைகள் சமாளிக்கும். முதலில் திணறுவது ஏற்கனவே சூடாக இருக்கும் தாழ்நிலத் தேயிலைதான். மலையகத்துக்கு உண்மையான அடி மழையின் ஒழுங்கு கெடுவதில் இருந்து வருகிறது.

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்தது ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் அந்தக் காய்ந்த காற்று. திம்புள்ளைப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான வெயிலும் குளிர் இரவும். அந்த வாரங்களில் காலம் தப்பி மழை பெய்தால் வாசனை போய்விடும். காலம் தப்பிய ஈரமும் மூட்டமும் நீண்டால் கொப்புள நோய் பரவும். வரட்சி நீண்டால் கொழுந்தே வராது.

இந்த நட்டம் எங்கே போய் இறங்குகிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கிலோக் கணக்கு நிறைந்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; இல்லாவிட்டால் அரைப் பேர். வரட்சியில் மலையில் கொழுந்து இல்லை, கிலோ நிறையாது. அடைமழையில் கொழுந்து இருக்கும், கை விறைத்து எடுக்க முடியாது. எடுத்துக்கொண்டு போனாலும் மடுவத்தில் நிறுக்கும்போது தண்ணீருக்கு என்று கழிப்பார்கள். காலநிலை மாற்றத்தின் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று தெரிய வேண்டுமானால், ஒரு அம்மாவின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தால் போதும்.

தோட்டங்கள் செய்ய வேண்டியவை புதியவை அல்ல. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்பவைதான்: நிழல் மரம் வைப்பது, கானை ஒழுங்காக வெட்டித் துப்புரவாக வைப்பது, மண்ணை மூடி வைப்பது, வரட்சி தாங்கும் இனங்களை நடுவது. கவ்வாத்து வெட்டிய மிலாறு, அதாவது தேயிலைக் குச்சிகள், கானை அடைத்துக் கிடந்தால் அடுத்த பெருமழையில் தண்ணீர் தனக்கு வழி தானே வெட்டிக்கொள்ளும். அது பெரும்பாலும் பணிய லயத்தின் பின்சுவர் வழியாகத்தான் இருக்கும்.

மரக்கறிச் செய்கைக்கு?

கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு எல்லாம் சரிவில் மண்ணைக் கிளறிச் செய்யும் பயிர்கள். கிளறிய மண்ணில் பெருமழை விழுந்தால் விதை, பசளை, மேல்மண் மூன்றும் ஒன்றாக ஆற்றுக்குப் போகும். சமஉயரக் கோட்டில் வரம்பும் ஓரத்தில் புல்லும் வைத்தவர்களுக்கு இழப்பு குறைவு.

மின்சாரம் கூட இந்த மழையை நம்பித்தானே?

ஆம். காசல்ரீ, மவுஸ்சாகலை, கொத்மலை, விக்டோரியா எல்லாம் மலையக மழையைத் தேக்கி மின்சாரம் எடுக்க உதவும் நீர்த்தேக்கங்கள். நல்ல மழை வருடத்தில் நாட்டின் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நீரில் இருந்து வருகிறது. வரட்சியில் மவுஸ்சாகலைத் தண்ணீர் இறங்கி, மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும்போது ஆட்கள் பார்க்கப் போகிறார்கள். அந்த நேரம் நாடு காசு கொடுத்து எண்ணெயும் நிலக்கரியும் அதிகம் எரிக்கிறது.

எவ்வளவு மழை பெய்தால் மண்சரிவு ஆபத்து?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகள் இவை. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும். 100 மி.மீ. தாண்டினால் எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். 150 மி.மீ. தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. கொட்டினால், வெளியேற வேண்டும். தோட்டத்துக் கணக்கில் மூன்று, நாலு, ஆறு அங்குலம். இதே வரிசையில்தான் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு அறிவிப்புகள் வருகின்றன.

டித்வா நேரத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ. தாண்டியது. வெளியேறும் அளவைப் போல இரண்டு மடங்கு. நாடு முழுதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்கள் மிக மோசமாக அடிபட்டன.

அளவுகளை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது, மலை ஏன் சரிகிறது என்பதும் தெரிய வேண்டும். பாறைக்கு மேல் மண் படர்ந்திருக்கிறது. பல நாள் தூறலில் அந்த மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்து கனத்துவிடும், துகளுக்குத் துகள் இருக்கும் பிடிப்பும் தளரும். அதன் மேல் ஒரு இரவு பெருமழை விழுந்தால் மண் வழுக்கிக்கொண்டு வரும். அதனால் இன்றைய மழையோடு முந்திய நாட்களின் மழையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு வாரம் நனைந்து ஊறிய மலைக்கு மூன்று அங்குலமே அதிகமாக இருக்கலாம். மழை விட்ட பிறகும் சரிவு வரும். வெயில் வந்துவிட்டது என்று உடனே வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

அளவு எதையும் பார்க்காமல் உடனே வெளியேற வேண்டிய அடையாளங்கள் உண்டு. நிலத்தில் அல்லது சுவரில் புதிய வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, மரமும் மின்கம்பமும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, தெளிந்த ஊற்று சேறாவது, ஓடிக்கொண்டிருந்த ஓடை சட்டென்று வற்றுவது. கடைசியாகச் சொன்னது மிகவும் ஆபத்தானது. மேலே எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

நாமே மழையை அளக்க முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். பக்கத்து மலையில் பெய்வது உங்கள் மலையில் பெய்யாது. நகரத்து மானியின் கணக்கு உங்கள் லயத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

நேரான பக்கமுள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தலின் மேல்பகுதியை வெட்டி, அதைக் கவிழ்த்துப் புனலாக உள்ளே பொருத்துங்கள். அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால், பக்கம் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றிக் கோடு போடுங்கள். அதுதான் பூச்சியம். அதற்கு மேலே அடிமட்டத்தை மி.மீ. பார்த்து ஒட்டுங்கள். கூரையும் மரமும் மறைக்காத வெளியில், காற்றுக்குச் சாயாமல் கல் வைத்து நிறுத்துங்கள். ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு வாசித்து, கொப்பியில் எழுதி, கோடு வரை விட்டு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களமும் அதே நேரத்தில்தான் அளக்கிறது. கனமழை இரவில் காலை வரை காத்திருக்காமல் மணிக்கு ஒருமுறை பாருங்கள். அங்குலக் கணக்கு எழுதிய பழைய புத்தகம் தோட்டத்துக் கந்தோரில் இருந்தால், உங்கள் எண்களை அதோடு ஒப்பிடலாம்.

உலகம் சூடானதற்கு நாம் என்ன செய்தோம்?

மிகக் கொஞ்சம். உலகம் வெளியேற்றும் வெப்ப வாயுக்களில் இலங்கையின் பங்கு 0.1 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் ஒரு காம்பராவில் குடும்பமே வாழும் லயத்தின் பங்கு எவ்வளவு இருக்கும்? அனுபவிப்பதில் மட்டும் முதல் வரிசையில் நிற்கிறோம்.

"வெளியேறு" என்று அறிவிப்பு வருகிறது. லயத்தை விட்டு எங்கே போவது?

இதைக் கேட்பவர்களிடம் "கவனமாக இருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல வருடங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய் இருக்க நிலம் இருக்கவில்லை. சொந்தக் காணி இல்லாத மக்களுக்கு மழை அறிவிப்பு பாதி உதவிதான்.

உங்கள் லயத்துக்கு மேலே வெடிப்பு இருந்தாலோ, முன்பு மண் இறங்கிய தடம் இருந்தாலோ, மழைக்காலத்துக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். கிராம சேவகர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டு, லயத்தில் உள்ள எல்லாரும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி. அதிகாரிகள் வந்து பார்த்துப் போனால் அறிக்கையின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். வேறு இடத்தில் வீடு என்று பேச்சு வரும்போது, அந்தப் புதிய இடத்தையும் அவர்கள் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். சரிவில் இருந்து சரிவுக்கு மாறுவதில் பயனில்லை.

அதுவரைக்கும், மழைக்காலத்தில் இரவு தங்கப் போகும் இடம் எது, பள்ளிக்கூடமா கோயில் மண்டபமா, அதன் சாவி யாரிடம், படுக்கையில் கிடக்கும் தாத்தாவைத் தூக்கப் போவது யார், பிள்ளை மடுவத்துப் பிள்ளைகளைக் கூட்டி வருவது யார் என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து எல்லாம் ஒரே பையில் கதவோரம் இருக்கட்டும்.